கிணறுள்ள மனை

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? போடியில் மழை உண்டா? நான் நலம். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

உங்களைக் கூட்டிவர உத்திரமேரூர் பக்கம் பார்த்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடு சின்னது, பழைய ஓடு, உத்திரத்தில் கொஞ்சம் கரையான். ஆனால் பின்னால் அரை ஏக்கர் மனை, அதில் வற்றாத கிணறு. எனக்குப் பிடித்திருந்தது. விற்கிற வரதன் நாம் என்ன சாதி என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"வூட்ட தாராளமா வாங்கிக்க நைனா. கெணத்துல மட்டும் கைவைக்காத, தெருவே அதுல மொண்டுகினு கீது. நீ தனியா போர் போட்டுக்க."

"எங்க கெணத்துல நாங்க எறைக்கக் கூடாதாங்க?"

"இன்னா தம்பி, பேஜார் பண்ற" என்று சிரித்தார்.

அந்தத் தெருவில் கரண்ட் போனால் கம்பம் ஏறுகிறவன் நான்தான்.

அப்பாவிடம் கரையான் என்று மட்டும் சொல். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. அடுத்த ஞாயிறு மாகறலில் ஒரு வீடு பார்க்க வேண்டும். தனியாகப் போய் நிற்க அலுப்பாக இருக்கிறது.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

சிலம்பரசன்