இருபத்தேழு மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

கீழ்த்தள அலுவலகத்தில் இன்றும் யாரோ குடித்த காபிக் கோப்பையை என் மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். மேலே ஆடை படிந்து, ஆடையின்மேல் ஓர் எறும்பு மிதக்கிறது. மருமகன் நடத்தும் நில அளவை நிறுவனம் என்பதால் மாமியாரின் மேசை பொதுச்சொத்தாகிவிடுமா? மாடியில் குடியிருப்பவள் கீழே இறங்கி வந்து வேலை பார்த்தால் அது வேலையாக யார் கண்ணுக்கும் படுவதில்லை. பொழுதுபோகாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைக்கிறார்கள்.

காலை முழுவதும் நடைபாலத்தின் போல்ட்டுகள். கால்வாயின் இரு கரைகளிலும், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று, மருத்துவமனைப் பக்கம் ஒன்று என, கான்கிரீட் மேடைகள். மேடைக்குப் பதினாறு போல்ட். தொழிற்சாலையில் செய்து முடித்த இரும்புப் பாலம் 20ஆம் தேதி கிரேனில் வந்து அவற்றின்மீது இறங்க வேண்டும். பாலத்தின் அடித்தகடுகளில் ஏற்கெனவே துளை போட்டாயிற்று. துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். என் வேலை எளிது. வரைபடத்தின்படி போல்ட் இருக்கவேண்டிய இடம் ஓர் எண். நட்டு முடித்தபின் களத்தில் அளந்த இடம் இன்னோர் எண். மென்பொருள் இரண்டையும் கழித்து, வித்தியாசம் மூன்றுக்குள் அடங்கினால் பச்சைப் புள்ளி வைக்கும், மீறினால் சிவப்பு. அறிக்கையின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற வரியில் என் கையெழுத்து. எழுபத்து மூன்று வயதில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் உத்தியோகம் அந்த ஒரு வரிதான்.

முப்பத்திரண்டும் பச்சை. “எல்லாம் பச்சை அத்தை, கையெழுத்து மட்டும் போட்டுடுங்க” என்று மாப்பிள்ளை போகிற போக்கில் சொன்னார். பச்சையாக இருப்பது பயிராகவும் இருக்கலாம், பாசியாகவும் இருக்கலாம். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

பல்கலைக்கழகத்தில் பிழைகளின் கணிதம் படித்த நாளிலிருந்து எனக்கொரு பழக்கம் உண்டு. மென்பொருள் என்ன சொன்னாலும் வித்தியாசங்களைக் கையால் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக் கரையில் கூட்டல் கழித்தல் போக மிச்சம் பதினொன்று. நியாயம்தான். மனிதர்கள் வெயிலில் நின்று நட்ட போல்ட்டுகள். ஒன்று இப்படிச் சாயும், ஒன்று அப்படிச் சாயும், கடைசியில் ஏதாவது மிஞ்சத்தான் செய்யும்.

மருத்துவமனைக் கரையில் மிச்சம் பூஜ்யம். நீளவாக்கிலும் பூஜ்யம், குறுக்கிலும் பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினேன். அதே பூஜ்யம்.

மனிதக் கை இவ்வளவு சுத்தமாக இருக்காது. இது கழுவிய கை.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததில் சந்தோஷம் இல்லை.

மென்பொருளில் ‘பெஸ்ட் ஃபிட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால், அளந்த புள்ளிகள் எல்லாவற்றையும் கூட்டமாக நகர்த்தி, வரைபடத்தின்மீது எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். நாங்கள் படிக்கும்போது டிரேசிங் தாளை வரைபடத்தின்மேல் வைத்து, புள்ளிமேல் புள்ளி விழும்வரை நகர்த்துவோம். ஆனால் தாளை நகர்த்தினோம் என்பது எங்களுக்குத் தெரியும். இங்கே மருத்துவமனைக் கரைக்கு மட்டும் அந்தக் குறி போடப்பட்டிருந்தது. எடுத்துவிட்டேன். பதினாறு புள்ளிகளும் ஒரே நொடியில் சிவந்தன. எல்லாம் ஒரே திசையில், இருபத்தேழு மில்லிமீட்டரை ஒட்டி விலகியிருந்தன.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“லேசா ஒரு ஃபிட் கொடுத்தேன் அத்தை. எல்லாரும் செய்றதுதான்.”

“கம்ப்யூட்டர்ல புள்ளிய நகர்த்திட்டீங்க. கரையில இருக்கிற மேடைய யார் நகர்த்துறது?”

“ஸ்டீல் வந்ததும் தட்டிக் கிட்டி உட்கார வெச்சுடுவாங்க.”

“தட்டி உட்கார வைக்க அதென்ன பழைய கதவா மாப்பிள்ளை?”

சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் ஈரத் துணியால் மேசையைத் துடைப்பதுபோல் இருக்கும். அழுக்குப் போகாது, பரவும்.

மார்ச் 7, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 8, சனி

பல் துலக்கும்போது தோன்றியது: இருபத்தேழு ஒன்பதால் வகுபடுகிறதே. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை யாராவது இடம் மாற்றி எழுதினால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். ஆக, கருவி பழுதில்லை, கான்கிரீட் நகரவில்லை. யாரோ ஓர் எண்ணைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. களத்தில் எழுதுகிறவர் ஒருவர்தான். பத்தொன்பது வருடமாக இந்த நிறுவனத்தில் அளக்கிறவர். கருவி வெயிலில் சூடேறக் கூடாதென்று இடக்கையில் எப்போதும் குடை. தான் மட்டும் கருகுவார். எல்லோருக்கும் அவர் குடைக்காரர்தான். அலுவலகத்தில் நால்வர் பார்த்திருக்க, அவரை நிற்க வைத்துக் கேட்டேன்.

“ஒரு எண்ணைப் பார்த்து எழுதத் தெரியாதா உனக்கு?”

ஐம்பது வயது மனிதரை ‘நீ’ என்றேன். இத்தனை வருடத்தில் முதல் முறை. அவர் குடையின் பட்டனைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“ஃபீல்டு புக்கப் பாருங்க மேடம். பார்த்துட்டுத் திட்டுங்க.”

புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

பார்த்தேன்.

கருவியை நிறுத்தி அளப்பதற்கென்று களத்தில் நான்கு ஆதாரப் புள்ளிகள் பதித்திருக்கிறோம். மருத்துவமனைக் கரையின் போல்ட்டுகளை நான்காம் புள்ளியில் நின்று நட்டிருக்கிறார்கள். நட்ட அன்றைய பக்கத்தில், உருண்டையான எழுத்தில், அவர் எழுதியிருப்பது:

‘4இலிருந்து 3க்குத் தூரம், பட்டியல்படி 62.413 மீட்டர். அளந்தால் 62.386. இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஒட்டவில்லை. ஓனருக்கு போன் செய்தேன். அத்தை கணக்கு தப்பாது, நட்டுடு என்றார்.’

நட்டு முடித்தபின் அளந்த அன்றைய பக்கத்தில்: ‘எல்லாம் 3இல் நின்று எடுத்தேன். 4 மேல் நம்பிக்கை இல்லை.’

பட்டியலை எடுத்தேன். ஆதாரப் புள்ளிகளின் பட்டியலை நான்தான் எழுதுவது, மைப் பேனாவால். தட்டச்சு செய்தால் விரல் நழுவும், கையால் எழுதினால் கண் கூடவே நிற்கும் என்று பத்து வருடமாக இந்த அலுவலகத்துக்கு உபதேசம் செய்துவருகிறேன். கணினி அச்சடித்துத் தந்த தாளில் நான்காம் புள்ளியின் இடம் 437.258 மீட்டர். என் அழகிய கையெழுத்தில் 437.285. அடியில் ஒப்பம், தேதி.

சீ.

எத்தனை முறை பார்த்தாலும் அந்த எட்டும் ஐந்தும் இடம் மாறவில்லை. முத்து முத்தாக நிற்கின்றன, அசிங்கங்கள்.

மார்ச் 10, திங்கள்

மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும். பிப்ரவரிக் கடைசியிலேயே இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் அந்தக் குறி.

“உங்க பேரு அடிபடக் கூடாதுன்னுதான் அத்தை.”

“20ஆம் தேதி தகடு இறங்கலன்னா?”

“களத்துல தப்பா நட்டுட்டாங்கன்னு எழுதிக்கலாம். குடைக்காரனை சனிக்கிழமையே வர வேண்டாம்னுட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்களே நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்களே அத்தை.”

என் வாயையே சாட்சியாக்கிவிட்டார். அதைச் சொன்ன முகத்தில் பணிவு வேறு! பத்தொன்பது வருட உழைப்பைத் துடைத்தெறிய என்னுடைய ஒரு ‘நீ’ போதுமானதாக இருந்திருக்கிறது. புள்ளிகளைத் திருட்டுத்தனமாக நகர்த்தியதைவிட இந்த மரியாதைதான் அதிகம் நாறுகிறது.

மகள் மாடிக்கு வந்தாள். “அம்மா, அவர் உனக்காகத்தானே செஞ்சார். கொஞ்சம் விட்டுக்கொடேன்.”

“எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டேன்.

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

பாலத்தைக் கட்டுகிற அலுவலகத்தின் பொறியாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

அந்தப் பட்டியல் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. களத்துக்குப் போன நகலும் ஃபீல்டு புக்கும் என் மேசைமேல். வேறு நகல் கிடையாது. நான்காகக் கிழித்தால் போதும். குடைக்காரருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும் – கிடைக்குமா? கிடைக்காமலா போகும்? எனக்கு என்ன கிடைக்கும்? மாடி அறை, ஜன்னல், மூன்று வேளைச் சாப்பாடு, “அத்தை ரெஸ்ட் எடுங்க.” அந்த ஒரு வரியும் போய்விட்டால் நான் இந்த வீட்டில் யார்?

மதியம் முழுக்க இப்படியே போனது. இதையெல்லாம் யோசித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். பிறகு எப்போதாவது என்னை உத்தமி என்று நானே நினைத்துக்கொண்டால், இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

எழுதினேன். நான்கு வரி. நான்காம் ஆதாரப் புள்ளியின் எண்ணை நான் இடம் மாற்றி எழுதினேன். களப் பணியாளர் அதை அன்றே கண்டு தெரிவித்தார், நாங்கள் கேட்கவில்லை. மருத்துவமனைக் கரையின் பதினாறு போல்ட்டுகளும் இருபத்தேழு மில்லிமீட்டர் விலகியுள்ளன. பச்சையாகக் காட்டும் அறிக்கையில் நான் ஒப்பமிட மறுக்கிறேன். ஃபீல்டு புக்கின் பக்கங்களையும் தாள்கள் இரண்டையும் இணைத்து, தபாலை நம்பாமல் நானே கொண்டுபோனேன். முழங்கால் படிக்குப் படி என்னைத் திட்டியது.

பொறியாளர் முப்பது வயதுப் பெண். இரண்டு முறை படித்தாள்.

“நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம்.”

“தகட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறு அளவையை யார் எடுப்பார்கள் என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளே, “ஒட்டலன்னு எழுதுனாரே, அவரே எடுக்கட்டும். வேற ஆள் வேண்டாம்” என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

குடைக்காரர் இன்று வந்தார். வரச்சொல்ல வேண்டிய கட்டாயம் மாப்பிள்ளைக்கு. திட்டியபோது இருந்த நால்வரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன். தப்பு என்னுடையது, பழியை உங்கள்மேல் போட்டேன், ‘நீ’ என்றதும் தப்பு என்றேன். ‘மன்னிப்பு’ என்ற சொல் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அதையும் துப்பினேன்.

அவர் குடையைக் கைமாற்றிப் பிடித்தார்.

“நான் குடையத்தான் மேடம் பிடிச்சேன். பேனா உங்க கையிலதான் இருந்துச்சு.”

மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். மாப்பிள்ளை பிரிண்டரைத் திறந்து, சிக்கியே இராத காகிதத்தை உள்ளே தேடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வியாழன்

பாலம் இறங்கியிருக்க வேண்டிய நாள். இறங்கவில்லை. மருத்துவமனைக் கரைக்குத் துளையை நகர்த்திப் புதுத் தகடு செய்கிறார்கள். அடுத்த பாலத்தின் அளவை வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. ‘சரிபார்த்தவர்’ என்ற வரியில் இனி வெளியிலிருந்து ஒருவர் ஒப்பமிடுவாராம். மாப்பிள்ளை என்னை ‘அத்தை’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் பொதுவாகப் பேசுகிறார். மகள் இன்று மூன்று வார்த்தை பேசினாள்: சாப்பாடு மேசையில இருக்கு.

சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

குடைக்காரர் காலையில் மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தார். “மேடம், இன்னைக்குப் புதுத் தகட்டோட பாலம் இறங்குது. அதுக்கு முன்னாடி போல்ட்ட கடைசியா ஒரு தடவை அளக்கணும். புக் எழுத ஆள் இல்ல. வரீங்களா?”

ஆட்கள் இருந்தார்கள். நால்வரும் கீழே சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கால்வாயில் பிளாஸ்டிக் பைகளும் செத்த எலியும் மிதந்தன. மருத்துவமனைக் கழிவுநீர் வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுத முடியாது, பொத்தாமல் நிற்கவும் முடியாது. அவர் கருவிக்குக் குடையைப் பிடித்தபடி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். எழுதினேன். எழுதியதை வாய்விட்டுப் படித்தேன். ‘சரி’ என்றபிறகே அடுத்த எண். ஏழாவது போல்ட்டில், “இன்னொரு தடவை படிங்க மேடம்” என்றார். படித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். இனி அப்படித்தான் கேட்பார்.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. “குடைக்குள்ள வாங்க மேடம்.”

“கருவிக்குப் பிடிங்க. வெயில்ல என் அளவு மாறாது.”

நகர்ந்து கொடுக்காமல் கருவிக்கே பிடித்தார்.

மதியம் கிரேனில் வந்த பாலம் புதுத் தகட்டோடு, சுத்தியல் படாமல் இறங்கியது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, புதுத் துளைகளுக்கும் பதினாறு போல்ட்டுகளுக்கும் உள்ள வித்தியாசங்களைக் கையால் கூட்டினேன்.

மிச்சம் நான்கு.