தொண்ணூற்றேழாவது பதிவு

அன்புள்ள நிதானத்துக்கு,

உன் அவசரக் குடுக்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று தெரியும், அதனால்தான் தபால். உங்கள் புது வீட்டு விலாசத்தை நம் லேப் கவுன்டர் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. கடைசிப் பக்கம் உனக்கில்லை, அதற்காகவாவது படி.

முதலில் லேப் செய்தி. நீ போன பிறகு மேலாளர் சர்வரின் மெமரியை இரண்டு மடங்காக்கினார். "பத்தலைன்னா வாங்கிப் போட வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு வரம்பு, மண்ணாங்கட்டி" என்றார். இரண்டு வாரம் எல்லாம் பறந்தது. அப்புறம் டேட்டாபேஸ் அதையும் தின்றுவிட்டு, மெஷினுக்கு மூச்சுவிடக்கூட இடமில்லாமல் செய்துவிட்டது. நீ அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டாய், போடப் போடத் தின்னும், போதும் என்று அதுவாகச் சொல்லாது என்று. மதியம் இரண்டு மணி ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றும் அச்சாகாது. ஜன்னலில் கூட்டம் நிற்கும், கவுன்டர் அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்துவார். நான் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்புவேன். ஒரு நாள் விடாமல் மூன்று மாதம் இதுதான் என் பிழைப்பு.

டேட்டாபேஸ் இவ்வளவு மெமரிதான் எடுக்கலாம் என்று வரம்பு போட்டால் தீர்ந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் டேட்டாபேஸின் அட்மின் பாஸ்வேர்டு இல்லை. சிரிக்காதே. உன்னை வேலையைவிட்டு அனுப்பிய அன்று மேலாளர் உன் லாகின், என் லாகின் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். ஒரே ஒரு அட்மின், அதற்குப் புது பாஸ்வேர்டு. அதில் முன்பாதி அவர் அடித்தார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பாதி நான் அடித்தேன், அவர் சுவரைப் பார்த்தார். தனியாக யாரும் உள்ளே போகக்கூடாதாம். கடைசியில் சேர்ந்தும் போக முடியவில்லை. அவர் பாதி பழைய காரின் நம்பராம். காரை விற்றாயிற்று. நம்பர் இதுதான் என்று சத்தியம் செய்கிறார், சர்வர் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல், சர்வரை ஒரே ஒரு ஆள் மட்டும் நுழையும்படி கிளப்பினேன். அப்படிக் கிளப்பினால் மெஷினைத் திறக்கும் உரிமை இருப்பவன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம் என்று நீதான் ஒருமுறை டீ குடித்துக்கொண்டே சொன்னாய். ஒரே நாற்காலி. நான் உட்காருவதற்குள் ரிப்போர்ட் அடிக்கும் புரோகிராம் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று தடவை இப்படி. நீயாக இருந்தால் முதலிலேயே யோசித்திருப்பாய். எனக்கு மூன்றாவது தடவைதான் நெட்வொர்க் வயரைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது. நாலாவது தடவை உள்ளே போனேன். புது பாஸ்வேர்டு வைத்தேன், வரம்பும் போட்டேன். அன்றிலிருந்து ரிப்போர்ட் தடையில்லாமல் வருகிறது.

இதை எழுதுவதற்காக உனக்குக் கடிதம் போடவில்லை.

வரம்பு போட்டது பதிவாகியிருக்கிறதா என்று சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அது புதுப் பதிவு தொடங்கும், பழையதில் வழக்கமாக ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும். இங்கே வரிசை முடியவே இல்லை. தொண்ணூற்றொன்பது வரை வைக்கும்படி நீ எப்போதோ மாற்றியிருக்கிறாய். தொண்ணூற்றேழாவதில் ஒரு வரி இருந்தது. மெமரி வரம்பு இருபத்தாறு ஜிபியிலிருந்து வரம்பே இல்லாமல் மாற்றப்பட்டது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது.

செவ்வாய்க்கிழமை நீ அம்மாவோடு கண் ஆஸ்பத்திரியில் இருந்தாய். அறையில் நான் மட்டும்தான். மாத ரிப்போர்ட் ஊர்ந்துகொண்டிருந்தது, எதற்கு இவ்வளவு கஞ்சத்தனம் என்று உன் வரம்பை எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது, எனக்கு ஒரே பெருமை. திரும்பப் போட மறந்துவிட்டேன். வியாழக்கிழமை நானூறு ரிப்போர்ட் சிக்கியது. வெள்ளிக்கிழமை நீ வந்தாய். செட்டிங் எல்லாம் அவன்தான் பார்ப்பான் என்று மேலாளரிடம் சொன்னது நான்தான். வரம்பு போட்டிருந்தேன் என்று நீ சொன்னாய், திரையில் இல்லை. "லீவு போடற அவசரத்துல விட்டுட்டே" என்று அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறந்துபோனேன் என்றேன் அல்லவா? செவ்வாய் முதல் வியாழன் வரை மறந்திருந்தது உண்மை. வெள்ளிக்கிழமை நினைவு வந்துவிட்டது. பயந்துவிட்டேன். இவ்வளவுதான், இதற்கு மேல் ஜோடித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னும் மூன்று தடவை சர்வரை நிறுத்திக் கிளப்பினால் அந்த வரி தானாக அழிந்துவிடும். உள்ளே போக நான் பட்ட பாட்டில் பத்து நிமிடத்துக்குள் நாலு தடவை செய்தவன் நான். மவுசில் கையை வைத்துக்கொண்டு டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அப்போது கவுன்டர் அக்கா முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்தது. உன் அம்மாவிடம் போனில் பேசினாராம். இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்களாம். "இந்தக் கண்ணுக்கு லீவு போட்டுத்தான் புள்ளைக்கு வேலை போச்சு, அந்தக் கண்ணு இருக்கிறபடி இருந்துட்டுப் போகட்டும்" என்றார்களாம்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேலாளர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "இதை ஏன் இப்ப கொண்டாந்தே?" என்றார். அழிவதற்குள் கொண்டுவந்தேன் என்றேன். தவறு உன்னுடையது அல்ல என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். திரும்ப வர விருப்பமா என்றும் கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். எனக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நீ பட மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். பாஸ்வேர்டை முழுதாக எழுதி ஒட்டிய கவரில் அவருடைய பீரோவில் வைத்தாயிற்று.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து அம்மா கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே, அவர்களே படிக்கட்டும். ஒரு கண்ணுக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
குடுக்கை


அம்மா,

உங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைக்கு வேலை போனது லீவு போட்டதால் இல்லை. அவன் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டுத்தான் உங்களோடு வந்தான். தொட்டுக் கெடுத்தது நான். பழியை அவன்மேல் போட்டதும் நான்.

உங்கள் கண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த இன்னொரு கண்ணையும் சரிசெய்துகொள்ளுங்கள், அம்மா.