ஞாயிற்றுக்குள் கழல வேண்டிய சென்சார்

ஜன. 17, 2005. திங்கள்.

காலையில் பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. தொம்மலூர் சிக்னலில் வண்டி மூன்று தடவை நின்றது. பின்னால் ஒரே ஹாரன். ஓர் ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். புரிந்தது, இங்கே எழுத மாட்டேன். டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் விளக்கு வழக்கம்போல.

இதுவரை மாற்றியவை: பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் போடும் பங்க். மாறாதது: விளக்கு.

ஹெப்பகோடி ஃபேக்டரி போய்ச் சேர ஒன்றேகால் மணி. சூப்பர்வைசர் நானே லேட். லைனில் எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பு.

சாயங்காலம் முரளி செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆபீஸ்ல நாகராஜ் வண்டியைக் கேட்டார். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றாராம். இருக்கற கண்டிஷன்லயே எடுத்துக்கறாராம். குடுத்துடலாம் கலா."

"அதுக்குள்ள சரி பண்ணிட்டா?"

"பண்ணு. பண்ணாலும் குடுத்துடலாம்னுதான் தோணுது."

இது என்ன பேச்சு? சரியான பிறகு ஏன் கொடுக்க வேண்டும்? கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

விற்கக் கூடாது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் தனியாக இருப்பது அந்த வண்டிக்குள் மட்டும்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நேரம் எனக்கு வேண்டும். வேறு காரணம் இல்லை.

ஜன. 18. செவ்வாய்.

பர்மிஷன் போட்டுவிட்டு ஆடுகோடி. மெக்கானிக் ரஹமத் பாய் ஷெட். ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் மாட்டிப் பார்த்தார். "ஆக்ஸிஜன் சென்சார் மேடம். புகை வர்ற வழியில மூக்கு மாதிரி ஒண்ணு. அது அடைச்சுக்கிச்சுன்னா எஞ்சினுக்கு எவ்ளோ பெட்ரோல் குடுக்கறதுன்னு தெரியாது. கண்டபடி குடிக்கும், நிக்கும்."

மூன்று மாசம் மூன்று மெக்கானிக். ஒருத்தருக்கும் மூக்கு ஞாபகம் வரவில்லை.

புதுசு கிடைக்கும். பழசு கழல வேண்டும். அதுதான் கழலவில்லை. எஞ்சினைச் சூடு பண்ணி, துருவுக்கு எண்ணெய் அடித்து, ஒயரை வெட்டிவிட்டு ஸ்பேனர் போட்டார். இரண்டாவது இழுப்பில் ஸ்பேனர் வழுக்கி அவர் முட்டி தோல் போனது. சென்சார் இருந்த இடத்திலேயே. வண்டி ஷெட்டில். நான் பஸ்ஸில். கண்டக்டர் காதருகே: "ஸ்வல்ப முந்தே ஹோகி, முந்தே ஹோகி." முன்னால் போக எங்கே இடம்?

வெங்காயம், புளி, இஸ்திரிக்குக் கொடுத்த புடவை, எதுவும் வாங்கவில்லை.

ஜன. 19. புதன்.

திரும்ப பாய் ஷெட். கேஸ் வைத்துச் சூடாக்கியும் வரவில்லை. சுற்றி இரும்பு சிவப்பாகிவிட்டது, சென்சார் அசையவில்லை. "ரொம்ப முறுக்குனா இது மாட்டியிருக்கற மேனிஃபோல்டே விரிசல் விட்டுடும் மேடம். அப்புறம் அதையும் மாத்தணும். பொறுமையாத்தான் போகணும்."

பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு யாரு சில்வர் பெயின்ட் அடிச்சது?"

"தெரியலையே பாய்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடித்தது நான். அக்டோபரில், ஆயுத பூஜைக்கு. எங்கள் ஃபேக்டரியில் பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினுக்கும் சில்வர் அடிப்பார்கள், வருஷா வருஷம். மிச்சம் அரை டப்பா. வீட்டுக்குக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்து, எதெல்லாம் துருவாக அசிங்கமாக இருந்ததோ அதற்கெல்லாம் பூசினேன். அந்த மூக்குக்கு இரண்டு கோட். அதன்மேல் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இரண்டு நாள் வண்டியில் கருகல் நாற்றம். திருஷ்டி கழிகிறது என்று சந்தோஷப்பட்டேன், என் அறிவு.

அடுத்த வாரம் மழை. முரளி ஓசூர் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் வண்டியை விட்டார். மறுநாள் விளக்கு எரிந்தது. "வண்டிய மூழ்கடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க" என்றேன். அவர் அக்கா முன்னாலேயே இரண்டு தடவை. அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்.

ஜன. 20. வியாழன்.

மத்தியானம் கேன்டீன் வெளியே நின்று பாய்க்குப் போன். "ஒரு சந்தேகம் பாய். தண்ணில போனதாலயா, பெயின்ட்டாலயா?"

"தண்ணின்னா ஒரு நாள் மக்கர் பண்ணும், காஞ்சா சரியாயிடும். இதுக்கு வெளிக்காத்து கொஞ்சம் உள்ள போகணும் மேடம். அந்தச் சந்துலயே பெயின்ட் பூந்துருக்கு. மரையோரத்துலயும் எறங்கி வெந்துபோச்சு. நாளைக்கு பக்ரீத், கடை லீவு. சனிக்கிழமை எப்படியும் எடுத்துடறேன்."

ஆக முரளி ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் பாயும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். தண்ணீரும் கொஞ்சம் காரணமாக இருக்கலாமே. கால்வாசியாவது? எனக்கு வேண்டிய பதிலைத் தேடுகிறேன் என்று தெரிகிறது. தேடுவதை நிறுத்த முடியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்து எழுதி, மறுபடி தப்பு.

ஜன. 21. வெள்ளி.

இட்லி. தேங்காய் பத்தவில்லை. முரளி வண்டிப் பேப்பர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார், நாகராஜுக்கு.

"நாளைக்கு சரியாயிடும்ங்கறாரு பாய். அப்புறமும் ஏன் குடுக்கணும்?"

கவரின் வாயை மடித்தார். அப்புறம், "அதைப் பாக்கறப்பல்லாம் நான்தான் கெடுத்தேன்னு தோணுது. கீழ எறங்கினா அந்தப் பக்கம் பாக்காமப் போறேன். அது இல்லைன்னா நிம்மதியா இருக்கும்."

இது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ரிப்பேர் ஆனாலும் வண்டி போய்விடும். வீட்டிலேயே இருக்க வேண்டுமானால் சில்வர் அடித்ததை நான் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த மனுஷர் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? வாயைத் திறந்தேன். "சட்னி போதுமா?" என்று கேட்டேன். போதும் என்றார்.

ஜன. 22. சனி.

கழன்று வந்துவிட்டது. பதினொன்றேகாலுக்கு. பாய் அதன்மேல் ஒரு நட்டை வெல்டு பண்ணி, ஆற விட்டு, நீளக் குழாய் சொருகி இழுத்தார். இறுக்கிக் கொஞ்சம், தளர்த்திக் கொஞ்சம். கிறீச்சென்று ஒரு சத்தம். விரிசல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "பாருங்க" என்றார். கட்டை விரல் நீளம். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் என் சில்வர். மரையைச் சுத்தம் பண்ணிப் புதுசைப் போட்டார்.

ஓட்டிக்கொண்டு வந்தேன். விளக்கு இல்லை. ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, ரொம்ப. வீட்டு வாசலில் பத்து நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மேலே போய்ச் சொல்லவில்லை. பழைய சென்சார் ஹேண்ட்பேக்கில், பேப்பரில் சுற்றி. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

ஜன. 23. ஞாயிறு.

வெயில். 9.20. அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"வண்டிய கெடுத்தது நீங்க இல்ல. ஆயுத பூஜைக்கு நான் சில்வர் அடிச்சேன் இல்ல, அது. தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையாம்."

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

பாதி தோசை தட்டில். "மூணு மாசம். அதுல நாலு நாள் தெரிஞ்சே."

மன்னிச்சுடுங்க என்றேன். கேட்டதா தெரியாது. கையைக் கழுவினார். நாகராஜுக்குப் போன்: "வர வேணாம் சார். வண்டி வீட்டுக்கு வேணும்." ஆணியில் இருந்து சாவியை எடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. ரிவர்ஸில் கேட்டை உரசப் பார்த்தார், உரசவில்லை. போய்விட்டார்.

10.30. இல்லை. துணி ஊற வைத்தேன்.

11.45. இல்லை. கோபமாகப் போனாரா, ஆசையாகப் போனாரா? இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாம்பார், பீன்ஸ் பொரியல் ஆயிற்று, அப்பளம் பொரிக்கவில்லை.

12.40. போன். பின்னால் லாரிச் சத்தம்.

"டீக்கு நிறுத்தினேன். ஓசூர் தாண்டி ரொம்ப தூரமாச்சு. விளக்கு எரியல. நீ சாப்பிடு."

"எங்க போறீங்க?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் ஓட்டறேன்."