மூன்றாவது மேட்டில் வாய்ப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக வலது கால் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். போன ஜூன் மாரத்தானில் கறுத்து விழுந்த நகம். நுனியை எட்ட இன்னும் ஒரு நூல் அளவு இருக்கிறது. வருகிற ஜூனுக்குள் வளர்ந்துவிடும். நகம் தயார். நான்?

எட்டு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை; வீட்டார் உள்பட எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"அண்ணி, இந்த வருஷம் நால்வர் குழுன்னு புதுசா வெச்சிருக்காங்க. நாலாவதா வர்ற ஆளோட நேரம்தான் குழுவோட நேரம். உங்க பேரையும் குடுத்துட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா யோசிப்பீங்க. அதான் கேக்கலை."

நாற்பத்திரண்டு கிலோமீட்டர், மூன்று மேடு. ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூட்டம் அதற்கு வைத்த பெயர் துடைப்பம். போன வருடம் நான் நாலு மணி ஐம்பத்தேழு நிமிடத்தில் முடித்தேன். அவளை முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் துடைப்பம் அள்ளிக்கொண்டு வந்தது. இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்க நேரம் என்ன அண்ணி?"

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

பல் டாக்டரின் கிளினிக்கில் முதல் கூட்டம். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் நாங்கள் நாலு பேர்: டாக்டர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், டீச்சர், நான். மேஜை மேல் ஒரு தேங்காய் அளவு பிளாஸ்டர் கடைவாய்ப்பல். அதன் கீழே டாக்டர் வரைந்த மூன்று மேடுகளின் படம்.

"மூணாவதுதான் ஆளைக் கொல்லும். முப்பத்தஞ்சுல ஆரம்பிச்சு முப்பத்தெட்டு வரைக்கும்" என்றார் டாக்டர்.

"அதுக்கு மாமியார்னு பேர் வைக்கலாம் சார்" என்றார் லிஃப்ட்காரர். "முடிஞ்சுதுன்னு நிமிர்ந்தா, 'எங்க போற, இன்னும் இருக்கு'ன்னு சொல்லும்."

"அண்ணியோட மாமியார் எங்கம்மா. பாத்துப் பேசுங்க."

"ஐயோ டீச்சர், நான் என் மாமியாரைச் சொன்னேன்."

"அப்படியா? அவங்க நம்பரைக் குடுங்க, சொல்லிடறேன்."

இலக்கு ஐந்தரை மணி நேரம். நான் ஓர் அட்டவணை கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழே முக்கால் நிமிடம், முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு. டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "அழகா இருக்கு மேடம். ரோடும் இதே மாதிரி சமமா இருந்தா இன்னும் அழகா இருக்கும்."

கிளம்பும்போது லிஃப்ட்காரர் சும்மா இருக்கவில்லை. "போன வருஷம் டீச்சர் பின்னாடியிருந்து கூப்பிட்டாங்களாமே, அக்காவுக்குக் கேக்கலையாமே? மைதானத்தோட அந்தக் கோடியில நிக்கற பையன் டிரவுசரைப் பிடிச்சுக்கற குரலாச்சே இது!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும். நானும்.

மார்ச் 16, ஞாயிறு

நீர்த்தொட்டி மேட்டில் பயிற்சி. எனக்குப் பழக்கமான மேடுதான்: குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வாரம் இருமுறை மாதிரி எடுக்கப் போகிறேன். ஆனால் ஜீப்பில்.

என் ஏழே முக்கால் நிமிடம் ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. டாக்டர் ஆடு மாதிரி ஏறி வளைவில் மறைந்தார். லிஃப்ட்காரர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். டீச்சர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. எனக்கு அட்டவணை மேல் கோபம் வரவில்லை, மேட்டின் மேல் வந்தது. என்ன புத்தி!

மூச்சு திரும்பியதும் டீச்சர் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை வாய்ப்பாட்டை ஒரு வரிக்கு ஒரு மூச்சுன்னு சொன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். வரிக்கு நடுவுல மூச்சு வாங்கினா உடம்பு சரியில்லை. வாட்சைப் பாத்து ஏறாதீங்க அண்ணி. வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே ஏறலாம். வரி உடைஞ்சா வேகத்தைக் குறைக்கணும்."

கீழே இறங்கி மறுபடி ஏறினோம், பதிமூன்றாம் வாய்ப்பாட்டோடு. நாலு வளர்ந்த மனிதர்கள், காலை ஆறரை மணிக்கு, நடுரோட்டில். ஏழு பதிமூணில் டாக்டர் திணறினார். மூச்சுக்கு அல்ல, விடைக்கு. நாயோடு நடந்துவந்த ஓர் அம்மா, "தொண்ணூத்தொண்ணு!" என்று அதட்டிவிட்டுப் போனார்.

மேலே போய்த்தான் வாட்சைப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் இருபது நொடி. யாரும் சாகவில்லை.

மார்ச் 19, புதன்

இதை இங்கேயாவது எழுத வேண்டும்.

எனக்குக் கேட்டது.

முப்பத்துநாலாவது கிலோமீட்டர். "அண்ணி, ஒரு நிமிஷம் நில்லுங்க." தெளிவாகக் கேட்டது. ஐந்து மணிக்குள் முடிக்கலாம் என்று வாட்ச் காட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு நிமிஷம்தானே கேட்டா? ஒரு நிமிஷம் நின்னா என்ன குடி முழுகிப் போயிருக்கும்? திரும்பிக்கூடப் பாக்கலையே நான்!

வீட்டுக்கு வந்ததும், காற்று அடித்தது, கேட்கவில்லை என்றேன். அன்று காற்றே இல்லை. யாரும் எதிர்த்துக் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று இறக்கம். ஏற்றத்தில் ஆடு மாதிரி போன டாக்டர் இறக்கத்தில் நண்டு மாதிரி வருகிறார். இடது முட்டி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. டீச்சரோ இறக்கத்தில் மணி அடித்ததும் வெளியே ஓடும் மூன்றாம் வகுப்பு. கீழே போய் டாக்டருக்காக மூன்று நிமிடம் காத்து நின்றோம்.

நாலாவது ஆளின் நேரம்தான் கணக்கு என்றால் நாலாவது ஆள் ஏன் பின்னால் வர வேண்டும்? நின்ற இடத்திலேயே தோன்றியது. அங்கேயே சொன்னேன்: ஏற்றத்தில் டீச்சர் முன்னால். இறக்கத்தில் டாக்டர் முன்னால். அந்தந்த இடத்தில் யாருக்குக் கஷ்டமோ அவர் முன்னால். மற்றவர்கள் அவரை முந்தக் கூடாது.

"லிஃப்டும் அப்படித்தான்க்கா" என்றார் லிஃப்ட்காரர். "எத்தனை பெரிய மோட்டார் போட்டாலும், மெதுவா மூடற கதவுதான் எப்பக் கிளம்பணும்னு சொல்லும்."

வீட்டுக்கு வந்து புது அட்டவணை போட்டேன். ஏற்றம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்பது இருபது வீதம். இறக்கம் பன்னிரண்டு, ஆறு ஐம்பது வீதம். மீதி சமதளம், ஏழு இருபத்தைந்து வீதம். கூட்டினால் ஐந்து மணி இருபத்தொன்பது நிமிடம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம் மிஞ்சுகிறது.

ஒரு நிமிஷம். அவள் கேட்டதும் அதுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முப்பது கிலோமீட்டர். நாலு பேரும் ஒன்றாக. பதினேழாம் வாய்ப்பாடு மனப்பாடம்!

மே 18, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தாள். மாதிரி பாட்டில்களுக்கு ஒட்டும் லேபிள் தண்ணீரில் கரையாது. அதில் அட்டவணையை எழுதி மணிக்கட்டுப் பட்டைகள் செய்துகொண்டிருந்தோம். அடியில் அந்த விதி: கஷ்டப்படுபவர் முன்னால். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்ன அண்ணி?"

"கத்தரிக்கோல்."

கொடுத்தாள்.

அவள் போனதும் இவர் சொன்னார்: "உன் வேகத்துல ஓடினா இந்தத் தடவை நாலே முக்காலுக்கு முடிச்சிடுவ. எதுக்கு அவளைக் கட்டி இழுக்கற?"

"உங்க தங்கச்சிங்க அவ."

"அதனாலதான் சொல்றேன். சின்ன வயசுலேருந்து அவளை இழுத்தவன் நான்."

ஜூன் 7, சனி

பை தயார். பட்டை தயார். நகம் முழுசாக வளர்ந்துவிட்டது. நாளை என்ன ஆனாலும் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வருவேன். இவ்வளவுதான். இதுகூட முடியாதா?

ஜூன் 8, ஞாயிறு

இரவு வெகு நேரமாகிவிட்டது. ஆனால் இன்றே எழுத வேண்டும்.

முதல் மேடு, இரண்டாவது மேடு எல்லாம் அட்டவணையை அச்சடித்த மாதிரி போயின. டீச்சர் முன்னால், வாய்ப்பாட்டோடு. எங்களைச் சுற்றி ஓடியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கூடச் சேர்ந்து சொன்னார்கள். ஒரு கட்டத்தில் பதினைந்து பேர் கோரஸாக "எட்டு பதிமூணு நூத்தி நாலு!" சமதளத்தில் எங்களைக் கடந்துபோன இளசுகள் சிலரை இரண்டாவது மேட்டு உச்சியில் பார்த்தோம். குனிந்து முட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள்.

தப்பு செய்தது நான்தான். டீச்சருக்குத் தண்ணீர் எடுக்க முன்னால் ஓடினேன், கொடுக்கத் திரும்பி வந்தேன். டாக்டர் எங்கே என்று பின்னால் போனேன். மறுபடி முன்னால். டாக்டர் எச்சரித்தார், "மேடம், நீங்க ரெண்டு மாரத்தான் ஓடறீங்க." டீச்சர் இன்னும் நேராகச் சொன்னாள்: "நாய்க்குட்டி மாதிரி அலையாதீங்க அண்ணி. நான் எங்கேயும் காணாமப் போக மாட்டேன்."

முப்பத்தாறாவது கிலோமீட்டர். மூன்றாவது மேடு, லிஃப்ட்காரர் பெயர் வைத்த மாமியாரின் நடு வயிறு. என் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க மூணு பேரும் போங்க."

"போய்?" என்றாள் டீச்சர். "கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு உங்களுக்குக் கை தட்டறதா? நாலாவது ஆள் நேரம்தான் கணக்கு." என் கையை எடுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். "படிங்க. யார் எழுதினது?"

கஷ்டப்படுபவர் முன்னால். என் கையெழுத்து.

"வாங்க முன்னாடி."

டாக்டர் கீழே உட்கார்ந்து என் காலைத் திருகி நீவினார். உயிர் போனது. லிஃப்ட்காரர் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினார். நடந்தேன். பிறகு குட்டி ஓட்டம். எனக்குப் பின்னால் மூன்று ஜோடிக் காலடிச் சத்தம். யாரும் முந்தவில்லை. அப்போதுதான் வெளியே வந்துவிட்டது. திரும்பாமலே சொன்னேன்.

"போன வருஷம் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கூப்பிட்டதும் உங்க தோள் ரெண்டும் ஒரு நொடி அப்படியே நின்னுச்சு. அப்புறம் இன்னும் வேகமாப் போனீங்க. முதுகைப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவேன் அண்ணி. எத்தனை பிள்ளைங்களை மேய்க்கிறேன்."

"கோவம் வரலையா?"

"வராம? வேன்ல உக்காந்து வர்ற வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். டிரைவர் பாவம், அவரைத்தான் திட்டறேன்னு நினைச்சுக்கிட்டார்."

"பின்ன ஏன் என் பேரைக் குடுத்த?"

"காது கேக்காத ஆளு அடுத்த தடவையும் நிக்காது. கேட்டுட்டுப் போன ஆளு மறுபடி போகாது. அந்தக் கணக்குலதான் குடுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பேச்சு போதும். ரெண்டாம் வாய்ப்பாடு, ஆரம்பிங்க."

அழுதுகொண்டே ஈரெண்டு நாலு என்றேன். வரி உடைந்தது. வேகத்தைக் குறைத்தேன். மூவிரெண்டு ஆறு. உடையவில்லை. உச்சிக்குப் போவதற்குள் ஐந்தாம் வாய்ப்பாடு வரை வந்திருந்தோம்.

உச்சியில் வாட்ச்: ஐந்து மணி இரண்டு நிமிடம். அட்டவணைக்கு இரண்டு நிமிடம் பின்னால். மிச்சம் வைத்த ஒரு நிமிடமும் போய்விட்டது. இனி மூன்று கிலோமீட்டர் இறக்கம், கொஞ்சம் சமதளம், கோடு. இறக்கத்தில் டாக்டர் முன்னால். டாக்டர் கீழே பார்த்தார். முகம் நோயாளி முகமாக இருந்தது.

"சார்" என்றார் லிஃப்ட்காரர். "பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி 'வலிக்கவே வலிக்காது'ன்னு எங்ககிட்டப் பொய் சொல்வீங்களே, அதை உங்க முட்டிகிட்டச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கால்களை அவிழ்த்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், இரு கைகளையும் விரித்து, சைக்கிளில் முதல் தடவை பேலன்ஸ் கிடைத்த பிள்ளை மாதிரி — கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் இருபது நொடி! நாங்கள் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடினோம். என் கெண்டைக்கால் இறக்கத்தில் தானாக இளகிவிட்டது.

கோட்டுக்கு முன்னால் டீச்சர் என் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். வகுப்புக்குள் தாமதமாக வருகிற பிள்ளையைத் தள்ளுவது போல. டாக்டர் நாலாவதாக, அரை அடி பின்னால்.

ஐந்து மணி இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு நொடி.

நால்வர் குழுக்கள் முப்பத்தொன்று ஓடியதில் நாங்கள் மூன்றாவது. வேகமான குழுக்கள் எத்தனையோ இருந்தன. அவற்றின் நாலாவது ஆள் வரவேயில்லை.

டீச்சர் பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள். பிறகு உரக்கக் கத்தினாள். மைதானமே திரும்பியது. அந்தக் குரல்.

என் வாட்ச் சொல்கிறது, நான் ஓடிய தூரம் நாற்பத்துமூன்று புள்ளி ஆறு.

ஜூன் 9, திங்கள்

பரிசோதனைக்கூடத்துப் படிகளைப் பக்கவாட்டில் இறங்கினேன். வாட்ச்மேன், "அடி பட்டுச்சாம்மா?" என்றார். "இல்லீங்க, மூணாவது வந்தோம்" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

டீச்சர் பதக்கத்தைப் பதினோரு நாளாக வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகிறாளாம். இன்று மாமியார் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இந்தத் தகட்டுக்கா ரெண்டு பேரும் இந்த ஓட்டம் ஓடினீங்க?" "இல்லம்மா, உன் மேல ஏறி இறங்கினதுக்கு" என்றாள் டீச்சர். மாமியாருக்குப் புரியவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

இவர் சாப்பிடும்போது கேட்டார், அடுத்த வருஷம் நாலே முக்காலா என்று. கால் முழுசாகச் சரியாகிவிட்டது. முயன்றால் வரும். பார்க்கலாம் என்றேன்.

மதியம் போட்டி அமைப்பாளர்களிடமிருந்து படிவம் வந்தது. அடுத்த வருடம் குறித்த நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் பார்த்துப் பின்தொடர, சீரான வேகத்தில் கொடி தூக்கி ஓட ஆட்கள் வேண்டுமாம். நாலரை மணி நேரக் கொடி, ஐந்து, ஐந்தரை என்று வரிசையாக இருந்தது. கடைசியில் ஆறு மணி நேரக் கொடி. அதற்கும் துடைப்பம் வேனுக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்தக் கொடிக்கு எப்போதும் ஆள் கிடைப்பதில்லை என்று போன் எண்ணோடு ஒரு குறிப்பும் இருந்தது.

அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். இவருக்குத் தெரியாது. டீச்சருக்கும் இன்னும் சொல்லவில்லை.

'உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒரு வரியில்' என்று கீழே கேட்டிருந்தார்கள். வெகுநேரம் யோசித்தேன். நாலு மணி ஐம்பத்தேழு நிமிடம் என்று எழுதி அடித்தேன். பிறகு எழுதினேன்:

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.