எட்டாவது வளையத்தின் நூல்

ஒரகடம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மூன்று மாதக் குட்டியும் பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதைச் சுகம் என்று எழுதலாமென்றால் எழுதிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மழைக்கு முட்டிவலி கூடியிருக்கிறது, தைலம் தேய்த்தால் கேட்கிறது. காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் இன்றைக்கும் டிபன் பாக்ஸை எடுக்க எழுந்துவிடுகிறாள், உன் அண்ணன் போய் நாலு மாதம் ஆகிறது, அவளுக்கு அந்த ஹாரன் மட்டும் புரியமாட்டேன் என்கிறது. டிரைவரிடம் இங்கே அடிக்காதே என்று சொல்லலாமா என்று பார்த்தேன், மற்றப் பிள்ளைகள் ஏறவேண்டுமே என்று விட்டுவிட்டேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான்.

அண்ணன் கார்முகில் உனக்காகக் கட்டிக்கொண்டிருந்த தூண்டில் ராடைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறைமாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ கடைசியாக அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீ எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அண்ணன் கையால் சுற்றிய நூல் அப்படியே இருக்கிற மாதிரி அந்த ராடை அனுப்புங்கப்பா என்றாய். சரி என்றேன். ராடில் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையம் எட்டு, எட்டையும் கருநீல நூலால் அவனே சுற்றிக் கட்டிவிட்டான், ஏழு கட்டின் நுனியையும் வெட்டி முடித்துவிட்டான். எட்டாவதை வெட்டப்போன நேரத்தில் கம்பெனியிலிருந்து ஓவர்டைம் என்று போன் வந்தது, நுனியை ஓர் அங்குலம் அப்படியே தொங்கவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான், சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் லாரி வந்தது, மிச்சம் உனக்குத் தெரியும். நூலின் மேல் ரெசின் என்கிற பிசினைப் பூசாமல் பார்சல் போட்டால் வழியில் உரசிப் பிரிந்துவிடும், அதனால் அந்த ஒரு நுனியை முடித்து, ரெசினும் பூசி அனுப்பலாம் என்று நான் உட்கார்ந்தேன்.

அவன் பெட்டியைத் திறந்தால் காகிதம் பிரிக்காத புது பிளேடு, வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் குச்சி, மெல்லிய பிரஷ் ஒன்று, ஒரு லைட்டர். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அவனோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்து, சேர்ந்து ராடு கட்டப் பழகிய ரகு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், அவனைக் கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் கார் சீட் தைக்கிற லைனில் நின்றவன் நான், நூல் நுனியை முடிக்க இன்னொருத்தனைக் கேட்பதா என்று வீம்பு. சீட் லைனில் நாங்கள் நுனியை வெட்டி லைட்டரைக் காட்டுவோம், அது உருகி ஒரு மணியாக உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஜென்மத்துக்கும் பிரியாது. பெட்டியிலும் லைட்டர் இருந்ததா, பிள்ளையும் நம்மைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறான் என்று ஒரு பெருமை வேறு. காட்டினேன். சீட் நூல் தடிமன் மதி, இது தலைமயிர் கனம்தான். சுர்ரென்று சுருங்கிப் பக்கத்துச் சுற்றுகளும் பிடிவிட்டு, வளையம் சாய்ந்து, அந்த எட்டாவது கட்டில் உன் அண்ணன் சுற்றியது முழுவதும் என் மடியில் விழுந்துவிட்டது.

பிறகுதான் ரகு வீட்டுக்கு ஓடினேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவன் பார்த்துவிட்டு, இன்னா பெரிப்பா, என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா, லைட்டரு நூலுக்கு இல்ல, ரெசின் பூசுனப்புறம் அதுல வர்ற காத்து முட்டைய ஒடைக்கத்தான், அதுவும் தூரமா காட்டிகினே போவணும், நுனிக்கு பிளேடுதான், அதுவும் ஒரு தபா இழுத்தா தூக்கிப் போட்டுட்டு வேற புதுசு எடுக்கணும் என்றான். குச்சி, சுற்றுகளுக்கு நடுவில் சந்து தெரியாமல் தேய்த்து மூடுவதற்காம். பிரஷ்ஷும் பழசாகி மயிர் கொட்டுகிறது என்று ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப்போனான், கடையில் ஒவ்வொரு பிரஷ்ஷாக உள்ளங்கையில் அழுத்தி இழுத்துப் பார்த்து, ஒரு மயிர்கூட உதிராத ஒன்றை எடுத்தான். கார்முகில் இப்டித்தான் எடுப்பான் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். நான் கடைக்காரனிடம் மீதிச் சில்லறைகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, அவன் வெரலு பட்டத நெருப்பு வெச்சி எரிச்சிட்டியே, ஒருவாட்டி எரிச்சது போதலியா என்றாள். அவனுக்குக் கொள்ளி வைத்தவன் நான்தானே மதி. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன், அவளும் சாப்பிடவில்லை.

ராடு நாளைக்குப் பார்சலில் கிளம்புகிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டாவது கட்டு ரகு அதே நூல்கண்டிலிருந்து சுற்றியது, மற்ற ஏழும் உன் அண்ணன் சுற்றியது, அவற்றில் நான் கை வைக்கவே இல்லை, ரெசினும் ரகுதான் பூசினான். ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நீ அதைத் தடவிப் பார்த்து அண்ணா என்பாய், அது பொய்யாகப் போய்விடும். என்னை மன்னித்துக்கொள் மதி. மன்னிக்க முடியாவிட்டாலும் வாராவாரம் பேசுவதை நிறுத்திவிடாதே.

குழந்தைக்குக் காதுக்குள் எண்ணெய் விடாதே, இப்போதெல்லாம் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக்கூடாது. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி, மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, இந்தக் கவருக்குள் ஒரு சின்னக் காகித மடிப்பு இருக்கிறது, ஃபேனை நிறுத்திவிட்டுப் பிரி. என் மடியில் விழுந்த நூலை அம்மா பொறுக்கி வைத்திருந்தாள். பாதி உனக்கு அனுப்பலாமா என்று கேட்டேன், வெட்டாத, முழுசா அவகிட்டயே போவட்டும் என்று கொடுத்துவிட்டாள். இன்னும் சுருள் சுருளாகத்தான் இருக்கிறது. ஒரு முனை கருகியிருக்கும், அது நான் செய்தது. மறுமுனை அவன் சுற்ற ஆரம்பித்த முனை.

உன் அப்பா,
இராமச்சந்திரன்