நுரைத்த சேறு

9.12.2024, திங்கள்

குடவாசலில் ஏறிய பஸ்ஸில் கும்பகோணம் வரை நின்றுகொண்டே வந்தேன். மழை விட்டும் விடாமலும். தஞ்சாவூர் லேபுக்குள் நுழையும்போது பத்தேகால்.

மதுவந்தியின் கடைசிக் குழாயை இன்று முடித்தேன். அவள் எங்கள் பேராசிரியர் சந்தானகிருஷ்ணனிடம் பி.எச்டி. செய்கிறாள். நார்வேக்கும் வடக்கே ஒரு தீவு. அங்கே மலைகளுக்கு நடுவில் கடல் உள்ளே நுழைந்திருக்கிறது. பனியாறு ஒன்று மேலேயிருந்து இறங்கிவந்து அதில் முடிகிறது. அந்தக் கடலடிச் சேற்றைக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தாள். ஐந்து குழாய். ஒவ்வொன்றையும் நாற்பது துண்டாக வெட்டி, காயவைத்து, அரைத்து, ஒரு சிட்டிகையை டின் கப்பில் மடித்து மெஷினில் எரிப்பது என் வேலை. வருகிற புகையில் எவ்வளவு கார்பன் என்று மெஷின் சொல்லும். அடித்துண்டு நூறு வருஷத்துக்கு முன்னால் படிந்தது. மேல்துண்டு நேற்றுப் படிந்தது மாதிரி.

ஐந்திலும் மேலே வர வர கார்பன் ஏறுகிறது. கடல் சூடேறப் பாசி கூடுகிறது, செத்த பாசி அடியில் புதைகிறது, காற்றிலிருந்து எடுத்த கார்பன் சேற்றுக்குள் பூட்டப்படுகிறது. மதுவந்தியின் ஆய்வேடே இதுதான். உலகம் சூடாகிற விஷயத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தி என்கிறாள்.

சார் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "இசை எழுதின நம்பரை நான் திரும்பப் பாக்கறதில்லை." பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று முறை அதை நினைத்துக்கொண்டேன். வெட்கம்கெட்ட சந்தோஷம்தான்.

21.12.2024, சனி

மதுவந்தி சென்னைக் கருத்தரங்கில் பேசிவிட்டு மெசேஜ் போட்டிருந்தாள். "அக்கா, உங்க நம்பரைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்தாங்க." மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாளாம்.

நெடுஞ்செழியன் டீக்கடையில் போய் என் ஆராய்ச்சியை விளக்கியிருக்கிறார். நம்ம நெல்வயல் கெட்ட வாயு விடுதுன்னு பேப்பர்ல போடுறான், அந்தக் குளிர்க் கடல் அதையெல்லாம் உள்ளே இழுத்துக்குது, ஆக சரியாப்போச்சு என்றாராம். ஒன்றரை ஏக்கர் சம்பாவைப் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறார். இன்னும் நாலு தடவை டீக்கடைக்கு விட்டால் என் வீட்டுக்காரர் நோபல் பரிசே வாங்கிவிடுவார்.

13.1.2025, போகி

பின்கட்டைக் கழுவும்போது பாத்ரூம் ஆசிட் பாட்டிலைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் கோலமாவு சிந்தியிருந்தது. அரிசிமாவு இல்லை, கடையில் வாங்கும் கல்மாவு. சுர்ரென்று நுரைத்தது. துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இது எனக்குத் தெரியாததா? சுண்ணாம்புக் கல்லில் ஆசிட் பட்டால் நுரைக்கும். நுரையாக வருவது கல்லுக்குள் இருக்கும் கார்பன். பாசியிலிருந்து வந்தது இல்லை, கோடி வருஷமாகக் கல்லிலேயே கிடப்பது.

பதினோரு வருஷம் விவசாயிகளின் மண்ணைச் சோதிக்கும் லேபில் இருந்தேன். அங்கே எரிப்பது கிடையாது. ஒரு திரவத்தை ஊற்றுவோம். மக்கிய இலையையும் வேரையும் மட்டும் அது தின்னும், சுண்ணாம்பைத் தொடாது. அதனால் சுண்ணாம்பை முதலில் கழுவி எடுக்கும் வேலையே அங்கே இல்லை. அந்தப் பழக்கத்தோடு இந்த மெஷினுக்கு வந்துவிட்டேன். இது பாசியையும் கல்லையும் சேர்த்து எரிக்கும்.

அந்த மலைகள் என்ன கல்? மதுவந்தி காட்டிய போட்டோவில் வெள்ளையாக இருந்ததே— பனி என்று நினைத்தேன்.



14.1.2025

பால் பொங்கியதாம். நான் பார்க்கவில்லை.

18.1.2025, சனி

லேபில் யாரும் இல்லை. மிச்சமிருந்த தூளில் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்தேன். அடித்துண்டு லேசாக நுரைத்தது. நடுத்துண்டு இன்னும் கொஞ்சம். மேல்துண்டு கோலமாவேதான்.

ஐந்து குழாயிலும் அப்படியே.

சொல்லாமல் விட்டால்? எத்தனை வருஷம் ஆகும் ஒருத்தர் கண்டுபிடிக்க? கண்டுபிடித்தாலும் மாட்டுவது மதுவந்தி. என் பெயர் நன்றி சொல்லும் பக்கத்தில்தானே இருக்கும். இப்படி யோசித்ததற்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குடவாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

நெடுஞ்செழியனிடம் சொன்னேன். "திங்கக்கிழமையே சொல்லிடு. செவ்வாக்கிழமைன்னா சொல்லமாட்டே" என்றார். நோபல் ஆள் பரவாயில்லை.

20.1.2025, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை குழாய் என்றார். எல்லாமும் என்றேன். மதுவந்தி தன் முன்னால் ஒரு சொட்டு விடச் சொன்னாள். விட்டேன். மூன்று பேரும் நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மூணு வருஷம், மேடம்."

அக்கா இல்லை. மேடம்.

எனக்கும் கோபம் வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். அது சுண்ணாம்பு மலைன்னு அங்கேயே போய் நின்னவளுக்குத் தெரியாதா? பார்க்காம கையெழுத்துப் போட்டது யாரு? நம்பர் இனிச்சுது, ஒருத்தரும் கேள்வி கேக்கல— அப்புறம் அடங்கிவிட்டது. கப்பை மடித்த கை என்னுடையது.

12.2.2025, புதன்

இருநூறு துண்டு. ஒவ்வொன்றிலும் ஆசிட் விட்டு, நுரை அடங்கும் வரை வைத்து, காயவைத்து, மறுபடி எரிக்கிறேன். மதுவந்தி எதிரே உட்கார்ந்து குறித்துக்கொள்கிறாள். எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. ஊரில் அறுப்பு மெஷின் வந்துவிட்டதாம். எனக்கு லீவு கிடையாது, நானும் கேட்கவில்லை.

6.3.2025, வியாழன்

முடிந்தது. கார்பன் கோடு ஏறவில்லை. மேலே வரும்போது கொஞ்சம் இறங்கக்கூட இறங்குகிறது.

பனியாறு உருக உருக, மலையை அரைத்த தூளைக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஏறியது அந்தத் தூள்தான். அதைத்தான் புதையல் என்று எண்ணினோம். கடல் கூடுதலாக எதையும் பூட்டி வைத்ததற்கு இந்தச் சேற்றில் சாட்சி இல்லை என்று மதுவந்தி சாரிடம் சொன்னாள். குரல் தடுமாறவில்லை.

இனி டீக்கடையில் என்ன சொல்வது என்று நெடுஞ்செழியன் கேட்டார். உள்ளதைச் சொல்லுங்க என்றேன்.

19.3.2025

அலமாரியில் கூரியர் ரசீது பார்த்தேன். சார் என்னிடம் சொல்லாமல் பத்துத் துண்டை வேறு ஊர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பத்தான் வேண்டும். யாராக இருந்தாலும் அனுப்புவார்கள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

16.4.2025, புதன்

வேறு ஊருக்கு அனுப்பிய பத்தும் என் எண்களோடு பொருந்திவிட்டது.

சார் அந்தத் தாளோடு என் மேஜைக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் நான்தான் அவர் அறைக்குப் போவேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாக்காம கையெழுத்துப் போடறதை மரியாதைன்னு நெனச்சுண்டிருந்தேன், இசை. அது சோம்பேறித்தனம்." பிறகு என் அளவுகளின் இருநூறு வரியையும் விரல் வைத்துப் படித்தார். ஒன்றரை மணி நேரம். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். பழைய புகழ்ச்சியைவிட இது பிடித்திருந்தது.

ஆய்வுக்குழு புதிதாக ஒரு குழாய் எடுத்துவரச் சொல்லியிருக்கிறது. மதுவந்தி ஆகஸ்டில் போகிறாள். ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. ஆசிட் ஊற்றிய ஒரு சின்னச் சொட்டு பாட்டிலும் கொண்டு போ என்றேன். "சரி, மேடம்."

19.8.2025, செவ்வாய்

சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டாள். காற்றிரைச்சல், படகு எஞ்சின்.

"அக்கா, கேக்குதா?"

கேக்குது, சொல்லு என்றேன். குழாயை இப்போதுதான் மேலே தூக்கினார்களாம். படகிலேயே மேல்சேற்றில் ஒரு சொட்டு விட்டிருக்கிறாள்.

"நுரைக்குதுக்கா. அடங்கவே மாட்டேங்குது."

எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டேன். போன தடவை பனியாறு வந்து முடிந்த இடத்தில்தான் இப்போது படகு நிற்கிறதாம். சுற்றிலும் தண்ணீர்தான். பனியின் முனையைப் பார்க்கத் தலையைத் தூக்கித் தேட வேண்டியிருக்கிறதாம். பிறகு, உங்க குறுவை எப்படிக்கா இருக்கு என்று கேட்டாள். கதிர் பால் பிடித்திருக்கிறது என்றேன்.

போனை வைத்த பிறகு, வரப்போகும் குழாயின் நாற்பது துண்டுக்கும் லேபல் எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பனி போன இடத்தில் நின்றுகொண்டு ஒருத்தி பேசும்போது இப்படிச் சந்தோஷப்படலாமா, தெரியவில்லை. பட்டேன்.