வாஷர் போட்ட ஸ்பிரிங்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரேஸ் ஓட்டுகிற கௌதம்ராஜ் கார் இன்று நம் மெக்கானிக் கடை முன்னால் நின்றது. நின்றது என்றால், பக்கத்தில் டீ குடிக்க நின்றது. அந்த என்ஜினைப் பிரித்து, ஹெட்டைக் குடைந்து, வால்வை அமுக்கித் திறக்கிற கேமைப் பெரிசாகப் போட்டு ரேஸ் வண்டி ஆக்கினவன் நான். டீக்கடைக்காரர் என் முன்னாலேயே கேட்கிறார்: "இது ஸ்ரீவில்லிபுத்தூர் ஜோயல் பண்ணின வண்டிதானே?" கௌதம் மறுக்கவே இல்லை. சிரித்தான்.

ஜோயல் என்ன பண்ணினான்? லேப்டாப்பைச் சொருகி பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சான். நூல் மில்லில் நான் ஃபிட்டராக இருந்தப்போ, அவன் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். இப்போ ஏசி, கண்ணாடிக் கதவு. டீ கசந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

வன்னியம்பட்டிக்கு ஒரு பம்ப்செட் பார்க்கப் போனவன், வேலை முடிந்தும் வீடு திரும்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சும்மாதான். ஜோயல் கடை வாசலில் வரிசையாகக் கார்கள். ஏன் போனேன்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

கௌதம் வண்டியைக் கொண்டுவந்தான். பதினெட்டாம் தேதி கோயம்புத்தூர் பக்கம் ரேஸ். வேகம் கூடக் கூட இழுவை இல்லையாம். வால்வை மூடுகிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மொத்தமா மாத்தச் சொல்லுங்கன்னு ஜோயல் சொன்னாராம்.

சொன்னாராம்! நான் போட்ட ஸ்பிரிங்கைப் பற்றி அவன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமாக்கும். "ஸ்பிரிங்குக்கு ஒண்ணுமில்ல தம்பி, நான் பார்த்துத் தாரேன்" என்றேன். பார்க்காமலேயே.

ஆகஸ்ட் 12

கழற்றி அளந்தேன். ஜோயல் சொன்னது சரி. எழுதவே கை கூசுகிறது.

இரண்டு சீசன், நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் ஓடின என்ஜினோட ஸ்பிரிங்குகள். பதினாறில் பாதிக்கு மேல் அழுத்தம் இறங்கிக் கிடக்கிறது. அந்த வேகத்தில் கேம் விலகின பிறகும் வால்வு உடனே மூடுவதில்லை. அதான் இழுக்கவில்லை. புது செட் போட்டால் கௌதம் உடனே அவனுக்குப் போன் போடுவான் — நீங்க சொன்னதுதான் சரின்னு.

ஆகஸ்ட் 13

மாத்த மாட்டேன்.

மில்லில் நூல் மெஷின் ரோலரை அழுத்துகிற ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன செய்வோம்? அடியில் ஒரு வாஷர். ஸ்பிரிங் கொஞ்சம் இறுகி, பழைய அழுத்தம் வந்துவிடும். அதையே செய்தேன், பதினாறுக்கும். அழுத்தம் பார்க்கிற கேஜ் புது ஸ்பிரிங் அளவையே காட்டியது. "சொன்னேன்ல, நல்லாத்தான் இருக்கு" என்று கௌதமிடம் சாவியைக் கொடுத்தேன். என்ன இன்னிக்கு விசிலு என்று காளீஸ்வரி கேட்டாள். பெண்டாட்டிக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 16

ரேஸுக்கு ஜோயலும் கூடப் போகிறானாம். என்னை ஒரு வார்த்தை கூப்பிடலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. மில் ஸ்பிரிங் சும்மா அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதைக் கேம் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிவரை அமுக்குது. அதுவும் நான் போட்ட பெரிய கேம். முழுசா அமுங்கும்போது வளையத்துக்கு வளையம் கொஞ்சம் இடம் இருக்கணும். இருந்த இடத்தை வாஷர் தின்னிருக்கும். கையால என்ஜினை ஒரு சுத்து சுத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏன் பார்க்கலை? ஜோயலை ஜெயிச்சிட்ட குஷி. வேறென்ன.

ஸ்பிரிங் உடைஞ்சா வால்வு பிஸ்டன் மேல விழும். அந்த வேகத்தில என்ஜின் இறுகிப்போனா — உள்ளே அந்தப் பையன் இருக்கான்.

கௌதம் போனை எடுக்கலை. மறுபடியும் எடுக்கலை. அங்கே கூட இருக்கிறவங்களில் என்கிட்ட இருந்தது ஜோயல் நம்பர்தான். அப்பவும் விரல் தயங்குச்சு. சீ.

"ஏலே, வண்டியை எடுக்க விடாத. ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் வச்சிருக்கேன்."

"பார்த்துட்டேண்ணே. காலைல சத்தம் சரியில்ல, மூடியைத் திறந்துட்டேன். புது செட் கொண்டாந்தேன், மாத்திக்கிட்டு இருக்கேன்."

கொண்டுபோயிருக்கான். நான் மாத்த மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உசிர் வந்தது. கூடவே வயிறும் எரிஞ்சது.

ஆகஸ்ட் 19

கௌதமுக்கு இரண்டாம் இடமாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கௌதம் கப்போடு வந்தான். கப்பு என் கடையில்தான் இருக்க வேண்டுமாம். எதுக்கும் இருக்கட்டும் என்று புது ஸ்பிரிங் செட்டை நான்தான் அவனிடம் கொடுத்தனுப்பியதாக ஜோயல் சொல்லியிருக்கிறான். "என்கிட்ட மறைச்சிட்டீங்களேண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பேசாமல் இருந்திருக்கலாம். வண்டி என் கையை விட்டுப் போயிருக்காது, பேரும் என்னோடதே. ஆனா அது அவன் போட்ட பிச்சை. அதை மட்டும் என்னால விழுங்க முடியலை. "வாஷர் போட்டு உன்னை அனுப்பினவன் நான். ஸ்பிரிங் ஜோயலோடது" என்று சொல்லிவிட்டேன். நல்லவனாகச் சொல்லலை. அவன் தயவுல எனக்குப் பேர் வேண்டாம், அம்புட்டுதான்.

கௌதம் என் கையை விட்டான். கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 23

கார் ஜோயல் கடையில் நிற்குதாம். இனி அங்கேதான்.

சாயங்காலம் ஜோயல் போன் பண்ணினான். ஏன் சொன்னீங்க, நான்தான் சமாளிச்சுட்டேனே என்று வருத்தப்பட்டான். உன்னை யாருலே சமாளிக்கச் சொன்னா என்றேன். சரிண்ணே, வச்சிடுறேன் என்றான்.

"இருலே" என்றேன். "அந்த ஸ்பிரிங் எங்க வாங்கினே?"